விதைக்கடைக்காரரின் குரல்: பாட்காஸ்ட்டுக்கு 80 வருஷம் முந்தைய ஒரு கதை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

சின்னதா ஒரு தொழில் ஆரம்பிச்சவங்க கிட்ட இப்போ எல்லாரும் சொல்ற யோசனை ஒண்ணு இருக்கு: "ஒரு பாட்காஸ்ட் போடுங்க." காபிப்பொடிக் கடையோ, மாடித்தோட்டப் பொருட்கள் விற்கிற கடையோ, எதுவா இருந்தாலும் சரி. ஒரு மைக் வாங்குங்க, வாரம் ஒரு எபிசோட் பேசுங்க, வாடிக்கையாளர்கள் தானா வருவாங்கன்னு சொல்றாங்க. ஸ்மார்ட்ஃபோன் வந்த பிறகு யாரோ கண்டுபிடிச்ச உத்தி மாதிரிதான் இது நம்ம காதுல விழுது.

ஆனா இந்த வேலையை 1924-லயே ஒருத்தர் ஆரம்பிச்சுட்டார். அவர் ஒரு விதைக்கடைக்காரர். இருந்தது ஒரு சின்ன ஊர்ல. அவரைப் பார்த்து எதிர்க்கடைக்காரரும் ஆரம்பிச்சார். அவரோட தங்கையும் மைக் முன்னாடி உட்கார்ந்தாங்க. அதே காலத்துல, வேற ஒரு மாநிலத்துல, ஒரு போலி டாக்டரும் இதே வழியில கோடீஸ்வரர் ஆனார்.

வெளியில இருந்து பார்த்தா இவங்க எல்லாரும் செஞ்சது ஏறக்குறைய ஒரே காரியம். அப்போ விதைக்காரருக்கும் அந்த டாக்டருக்கும் என்ன வித்தியாசம்? இன்னிக்குப் பார்க்கப்போறது அதைத்தான்.

முதல்ல ஒரு இசைத்தட்டுக் கடை

விதைக்காரர் கிட்ட போறதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் பின்னால போகலாம். அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலம், பிட்ஸ்பர்க் நகரத்தை ஒட்டின வில்கின்ஸ்பர்க். வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி இன்ஜினீயர் ஃப்ராங்க் கான்ராட், தன் வீட்டு கராஜில் சொந்தமா ஒரு கம்பியில்லா ஒலிபரப்புக் கருவி வைத்திருந்தார். 1919-ல் பேசிப் பேசி அலுத்துப்போய், மைக் முன்னால் கிராமஃபோன் தட்டுகளைப் போட ஆரம்பித்தார். சுற்றுவட்டாரத்துல கருவி வைத்திருந்த ஆர்வலர்கள் எல்லாம் "இன்னும் போடுங்க" என்று கேட்டார்கள். கொஞ்ச நாளில் அவரிடம் இருந்த தட்டுகள் தீர்ந்துபோயின.

அந்த ஊரில் ஹாமில்டன் மியூசிக் ஸ்டோர் என்று ஒரு கடை இருந்தது. கடைக்காரர் ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார்: தட்டுகளை நான் தருகிறேன், எந்தக் கடையிலிருந்து வந்தது என்று நீங்கள் சொல்ல வேண்டும். கான்ராட் சொன்னார். ஒலிபரப்பில் வந்த தட்டுகள் மற்றவற்றைவிட நன்றாக விற்க ஆரம்பித்தன. இன்னிக்கு "இந்த எபிசோடை உங்களுக்கு வழங்குபவர்கள்" என்று காதில் விழுகிறதே, அதன் பழைய வடிவம் இதுதான்.

அடுத்து, 1920 செப்டம்பர் 29 அன்று பிட்ஸ்பர்க்கின் ஹார்ன் டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒரு செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தது. கான்ராட்டின் கச்சேரிகளைக் கேட்கத் தோதான வானொலிப் பெட்டிகள், 10 டாலரிலிருந்து கிடைக்கும் என்று. வெஸ்டிங்ஹவுஸ் துணைத் தலைவர் ஹாரி டேவிஸ் அதைப் பார்த்தார். நிகழ்ச்சி இருந்தால் பெட்டி விற்கும் என்ற கணக்கு அவருக்குப் பிடிபட்டது. அந்த ஆண்டு நவம்பர் 2-ம் தேதி, ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளோடு கேடிகேஏ நிலையம் தொடங்கியது. வானொலியில் காசு வாங்கி விளம்பரத்துக்கு நேரம் விற்பது 1922-ல்தான் வருகிறது. அதுக்கு முன்னாடியே ஒரு தட்டுக் கடை அந்த வேலையைப் பார்த்து முடிச்சிருந்தது.

ஷெனண்டோவா: ஒரு ஊர், ரெண்டு விதைக்கடை

இப்போ நம்ம விதைக்காரர். பெயர் ஹென்றி ஃபீல்ட். ஊர், ஐயோவா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஷெனண்டோவா. 1920-களில் அங்கே மக்கள்தொகை ஏறக்குறைய 5,000. நம்ம கணக்கில் ஒரு பெரிய கிராமம். காய்கறி விதை, பூச்செடி, பழக்கன்று எல்லாம் தபாலில் அனுப்புகிற வியாபாரம் அவருடையது. வாடிக்கையாளர் கடைக்கு வருவதில்லை. கேட்டலாக் அவர்கள் வீட்டுக்குப் போகும், ஆர்டர் கடிதமாகத் திரும்பி வரும்.

இந்தத் தொழிலில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. விதையைப் பார்த்து அது நல்லதா என்று யாராலும் சொல்ல முடியாது. நல்ல தக்காளி விதையும் செத்துப்போன தக்காளி விதையும் பார்க்க ஒண்ணுதான். வாங்குகிறவர் விற்கிறவரைத்தான் நம்பியாக வேண்டும். அந்த ஆளையோ கண்ணால் பார்த்ததே கிடையாது.

ஃபீல்ட் முதலில் ஒமாஹா நகரத்து வானொலி நிலையத்தில் பேசிப் பார்த்தார். கடிதங்கள் வந்து குவிந்தன. 1924 பிப்ரவரியில் தன் விதைக்கிடங்கிலேயே சொந்தமா ஒரு நிலையம் வைத்துவிட்டார். பெயர் கேஎஃப்என்எஃப்.

அங்கே என்ன ஒலிபரப்பினார் தெரியுமா? பழைய பிடில் இசை, தேவாலயப் பாட்டு, வானிலை, பயிர்ப் பேச்சு. பாடியவர்களில் பலர் விதைக்கிடங்கு ஊழியர்கள். நடுவே ஃபீல்டே வந்து உட்கார்ந்து பேசுவார். மெருகேற்றின அறிவிப்பாளர் குரல் இல்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலி மேல் சாய்ந்துகொண்டு பேசுவது மாதிரி. நேயர் கடிதங்களைப் படிப்பார், பதில் சொல்வார், தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்வார். அப்படியே நடுவில், "இந்த வாரம் இன்ன விதை இன்ன விலை" என்பார்.

விலை சொல்வது என்பது சின்ன விஷயம் இல்லை. அன்றைக்கு நியூயார்க்கின் பெரிய ஒலிபரப்பு நிறுவனங்கள் அதை நாகரிகக் குறைவாகப் பார்த்தன. வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்திடம் ஒரு விருந்தாளி விலைப்பட்டியலை நீட்டலாமா என்ற மாதிரியான தயக்கம். அந்த நிறுவனங்களின் விளம்பரங்களில் விலையைச் சொல்ல அனுமதி கிடைத்தது 1932-ல்தான். ஃபீல்ட் அதற்கு எட்டு வருஷம் முன்னாடியே விலை சொல்லி விற்றுக்கொண்டிருந்தார். முதலில் விதை, பிறகு உலர்ந்த பழம், காபி, துணிமணி, கார் டயர் வரைக்கும்.

இதைப் பார்த்துக்கொண்டு எதிர்க்கடைக்காரர் சும்மா இருப்பாரா? அதே ஊரில் 1919-ல் விதைக் கம்பெனி தொடங்கியிருந்த எர்ல் மே, 1925 ஆகஸ்டில் கேஎம்ஏ என்ற நிலையத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷமே ஒரு வானொலிப் பத்திரிகை நடத்திய வாக்கெடுப்பில், மிகப் பிரபலமான அறிவிப்பாளர் என்று தங்கக் கோப்பை அவருக்குக் கிடைத்தது. தொழில்முறை அறிவிப்பாளர்கள் எல்லாம் போட்டியில் இருக்க, ஜெயித்தவர் ஒரு விதை வியாபாரி.

1927-ல் மே ஒரு அரங்கமே கட்டினார். மேடைக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவில் ஒரு பெரிய கண்ணாடித் தடுப்பு. நேயர்கள் வண்டி கட்டிக்கொண்டு, கார் ஓட்டிக்கொண்டு ஷெனண்டோவாவுக்கு வந்து, இத்தனை நாள் காதால் கேட்ட ஆட்களைக் கண்ணாடி வழியே பார்த்தார்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற எவர்லி பிரதர்ஸ் 1940-களில் சின்னப் பையன்களாக அப்பாவோடு சேர்ந்து பாடியது இந்த கேஎம்ஏ-வில்தான்.

ஒரு விஷயம் கவனிங்க. ரெண்டு கடைக்காரர்களும் கேட்பவர்களுக்கு முதலில் கொடுத்தது விளம்பரம் இல்லை. எப்போ விதைக்கணும், உறைபனி எப்போ விழும், உருளைக்கிழங்கை எப்படிச் சேமிக்கணும் என்பதெல்லாம் அவர்கள் தொழிலில் கைவசம் இருந்த அறிவு. அதைத் தினமும் இலவசமாகக் கொடுத்தார்கள். விதை வாங்கும் நாள் வந்தபோது, கேட்டவர்களுக்கு ஞாபகம் வந்த பெயர் எது என்று சொல்லணுமா என்ன?

சமையலறையிலிருந்து ஒரு நிகழ்ச்சி

ஃபீல்டின் சகோதரி ஹெலன் கேஎஃப்என்எஃப்-ல் பெண்களுக்கான ஒரு நிகழ்ச்சி நடத்திவந்தார். 1926-ல் இன்னொரு சகோதரி லியானா ட்ரிஃப்ட்மியர் அதை எடுத்துக்கொண்டார். அவருக்கு ஏழு பிள்ளைகள். பிள்ளை வளர்ப்பு, சமையல் குறிப்பு, வீட்டுச் செய்தி, இதுதான் உள்ளடக்கம். நாளடைவில் அதன் பெயர் கிச்சன் கிளாட்டர் ஆனது. நம்ம மொழியில் சொன்னா, அடுக்களைச் சத்தம்.

1930-ல் ஒரு கார் விபத்தில் அவர் முதுகெலும்பு பாதிக்கப்பட்டது. அதன்பிறகு வாழ்க்கை முழுக்கச் சக்கர நாற்காலி. நிகழ்ச்சி நிற்கவில்லை. வீட்டிலிருந்தே பேசினார். அவருக்கு என்ன ஆச்சு, பிள்ளைகள் எப்படி இருக்காங்க, இன்னிக்கு அடுப்பில் என்ன என்பதெல்லாம் கேட்டவர்களுக்குத் தெரியும்.

குறிப்புகளை எழுதிக் கேட்டுக் கடிதங்கள் வந்ததால் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். பிறகு அதே பெயரில் சமையல் எசன்ஸ், வீடு சுத்தம் செய்யும் பொடி என்று குடும்பமே ஒரு தொழில் நடத்தியது. மகள்கள் வளர்ந்து மைக் முன் உட்கார்ந்தார்கள். நிகழ்ச்சி 1980-கள் வரை, ஏறத்தாழ 60 வருஷம் நடந்தது.

அண்ணன் கதையில் தொழில் முதலில் இருந்தது, குரல் பிறகு வந்தது. தங்கை கதையில் குரல் முதலில், தொழில் பிறகு. இன்னிக்குப் பாட்காஸ்ட் நடத்தறவங்க ரெண்டு வழியிலயும் போறாங்க. ரெண்டுக்கும் முன்னோடி ஒரே வீட்டில் இருந்திருக்காங்க.

அதே மைக், வேற டாக்டர்

இப்போ கதையின் இருட்டுப் பக்கம். ஐயோவாவிலிருந்து தென்மேற்கே, கான்சஸ் மாநிலம். மில்ஃபோர்டு என்ற குட்டி ஊரில் ஜான் பிரிங்க்லி என்பவர் ஆஸ்பத்திரி நடத்தினார். ஆண்மை திரும்ப வரும் என்று சொல்லி, வெள்ளாட்டுக் கிடாயின் விதைச் சுரப்பியை ஆண்களின் உடலில் வைத்துத் தைப்பது அவரது சிகிச்சை. கட்டணம் 750 டாலர். மருத்துவ ரீதியாக அதில் எந்தப் பலனும் கிடையாது. அவரிடம் போய் உடம்பு கெட்டவர்கள், உயிரை விட்டவர்கள் உண்டு.

1923-ல் அவரும் ஒரு நிலையம் தொடங்கினார். பெயர் கேஎஃப்கேபி. அங்கேயும் பிடில் இசை, தேவாலயப் பாட்டு, வீட்டுப்பேச்சு. அவரும் நேயர் கடிதங்களைப் படித்தார். "இன்ன ஊரிலிருந்து ஒரு அம்மா எழுதுகிறார், அவருக்கு இன்ன உபாதை" என்று படித்து, பார்க்காத நோயாளிக்கு மைக்கிலேயே மருந்து சொன்னார். மருந்துக்குப் பெயர் கிடையாது, எண்தான். அந்த எண்ணைச் சொன்னால் குறிப்பிட்ட மருந்துக்கடைகளில் தருவார்கள். ஒவ்வொரு விற்பனையிலும் அவருக்குப் பங்கு. அந்த நிலையமும் நாட்டின் மிகப் பிரபலமான நிலையங்களில் ஒன்றாக இருந்தது.

1930-ல் அரசின் வானொலி ஆணையம் அவரது உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. கான்சஸ் மாநிலம் மருத்துவ உரிமத்தையும் பறித்தது. மனுஷன் அசரவில்லை. 1931-ல் எல்லை தாண்டி மெக்சிகோவில் இன்னும் பெரிய நிலையம் அமைத்து, அங்கிருந்து அமெரிக்காவை நோக்கிப் பேசினார். 1939-ல், தன்னைப் போலி என்று எழுதிய மருத்துவப் பத்திரிகை ஆசிரியர்மேல் தானே வழக்குப் போட்டுத் தோற்றார். அதற்குப் பிறகு இழப்பீட்டு வழக்குகள் வரிசை கட்டின. திவாலாகி 1942-ல் இறந்தார்.

சரி, ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு வருவோம். ஃபீல்டும் பிரிங்க்லியும் செஞ்சதைப் பக்கத்துல பக்கத்துல வைங்க. தினமும் ஒரே நேரத்தில் பேச்சு. எளிய மொழி. கடிதங்களுக்குப் பதில். சொந்தப் பொருள். உத்தியில் ஒரு வித்தியாசமும் இல்லை.

வித்தியாசம் இருந்தது பொருளில். ஃபீல்டின் விதையை ஏப்ரலில் போட்டால், முளைத்ததா இல்லையா என்று மே மாசம் தெரிந்துவிடும். முளைக்கவில்லை என்றால் அந்த வீட்டுக்காரர் கடிதம் எழுதுவார், அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லுவார், அடுத்த வருஷம் வேற கடைக்குப் போவார். அதே ஊரிலேயே வேற கடை இருந்தது, அதற்கும் ஒரு வானொலி இருந்தது! பிரிங்க்லியின் நோயாளிக்கு அந்த வசதி இல்லை. குணமாகாதவர் வெட்கப்பட்டு வெளியில் சொல்ல மாட்டார். செத்தவர் கடிதம் எழுத மாட்டார். எந்தக் கடிதத்தைப் படிப்பது என்று முடிவு செய்தவரும் அவரே.

காதுக்குள் தினமும் பேசுகிற குரல் நம்மிடம் நம்பிக்கையைக் கடனாக வாங்குகிறது. விதைக்காரரின் கடனை மண் வசூலித்துவிடும். டாக்டரின் கடனை வசூலிக்க நீதிமன்றம் வரவேண்டியிருந்தது, அதற்கே பதினாறு வருஷம் ஆனது.

கதவு மூடின காலம்

இந்தக் கடைக்கார வானொலிகள் ஏன் நீடிக்கவில்லை? காரணங்கள் ரெண்டு மூணு. அலைவரிசை என்பது அளவான இடம். 1927-ல் வந்த வானொலி ஆணையம் அதைப் பங்குபோட ஆரம்பித்தபோது, நிலையம் வைத்திருப்பவர் தன் சரக்கை விற்பதற்காக மட்டும் அதைப் பயன்படுத்தக்கூடாது என்ற பார்வை வலுத்தது. ஊர்க் கடைக்காரர்களும் புலம்பினார்கள்: விதைக்காரர் வானொலியில் டயர் விற்றால், ஊரில் டயர்க்கடை வைத்திருப்பவன் என்ன செய்வான்? நியாயமான கேள்விதான்.

அடுத்து, 1930-களின் பொருளாதாரப் பெருமந்தம். ஃபீல்டின் குரலுக்குச் செல்வாக்கு குறையவில்லை. 1932-ல் அவர் செனட் தேர்தலுக்கு நின்று, பதவியில் இருந்த செனட்டரையே கட்சிக்குள் நடந்த முதற்கட்டத் தேர்தலில் தோற்கடித்தார். இறுதித் தேர்தலில் தோற்றார். ஆனால் அதே பத்தாண்டில் கம்பெனி அவர் கையை விட்டுப் போனது. விவசாயி கையில் காசு இல்லாத காலத்தில், எவ்வளவு பிரியமாகக் கேட்டாலும் அவரால் வாங்க முடியாது. குரல் வாடிக்கையாளரைக் கூட்டிவரும், கணக்குப் புத்தகத்தைச் சரிசெய்யாது.

நம்ம ஊரில்: ரேடியோ நெல்

இதே காலத்துல ஒரு விதைக்கடைக்காரர் நம்ம ஊர்ல இப்படிப் பேசியிருக்க முடியுமா? முடியாது. இந்தியாவில் வானொலி 1930-லேயே அரசின் கைக்குப் போய்விட்டது. அகில இந்திய வானொலியில் வணிக விளம்பரம் வந்ததே 1967-ல்தான்.

ஆனாலும் விதையும் குரலும் சேர்ந்த ஒரு சம்பவம் நம்மிடமும் உண்டு. 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏடிடி-27 என்ற புது நெல் ரகம் வந்தது. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் அதைப் பற்றித் தஞ்சாவூர் விவசாயிகளிடம் எடுத்துச் சொல்லின. விவசாயிகள் அந்த எண்ணையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. யார் சொல்லிக் கேட்டார்களோ, அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்: ரேடியோ நெல். ஒரு பொருளுக்கும் அதைச் சொன்ன குரலுக்கும் நடுவில் கோடே இல்லாமல் போனது. எந்தப் பிராண்டுக்கும் இதைவிடப் பெரிய வெற்றி கிடைக்குமா?

கதவு மறுபடி திறந்தது

2004-ல் பாட்காஸ்ட் என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸில் பாட்காஸ்ட்டுகளைச் சேர்த்தது. அலைவரிசை வேண்டாம், உரிமம் வேண்டாம், கோபுரம் வேண்டாம். 1920-களோடு மூடிப்போன கதவு திறந்துவிட்டது. விதைக்கடைக்காரர் மறுபடி பேசலாம். பிரிங்க்லியும் பேசலாம்.

அதனால, தொழிலுக்காக ஒரு பாட்காஸ்ட் ஆரம்பிக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு ஷெனண்டோவா சொல்றது இவ்வளவுதான். உங்க தொழில் உங்களுக்குக் கத்துக்கொடுத்ததைப் பேசுங்க. தையல்கடைக்காரரா? எந்தத் துணி ஒரே துவைப்பில் சுருங்கும்னு சொல்லுங்க. கேட்கிறவர் உங்ககிட்ட வாங்காவிட்டாலும் அவருக்கு அது பயன்படணும். சொன்ன நாளில் வாங்க. மாசம் மூணு தடவை பேசிட்டு நாலாவது மாசம் காணாமப் போறவரை யாரும் தேட மாட்டாங்க. வர்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்க, குறிப்பா குறை சொல்லி வர்ற கேள்விகளுக்கு. விலையை ஒளிக்காம சொல்லுங்க, ஃபீல்ட் மாதிரி.

எல்லாத்துக்கும் மேல, மைக்கை ஆன் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்கோங்க: நான் விக்கிற பொருள் நல்லா இல்லைன்னா, வாங்கினவருக்கு அது தெரியவருமா, அவர் அதை என்கிட்ட வந்து சொல்ல முடியுமா? முடியும்னா தைரியமா பேசுங்க. முடியாதுன்னா, உங்க குரல் எவ்வளவு நல்லா இருக்கோ, அவ்வளவு ஆபத்து.

கேட்கிறவங்களுக்கும் இதே கேள்விதான். தினமும் காதுக்குள்ள பேசுற ஒருத்தர் மருந்தோ, முதலீடோ, டயட்டோ விக்கும்போது, "இது முளைக்கலைன்னா எனக்கு எப்போ தெரியும்?" என்று ஒரு தடவை யோசிங்க.

ஃபீல்டின் எதிர்க்கடைக்காரர் தொடங்கின அந்த கேஎம்ஏ, நூறு வருஷத்தைத் தொட்டுவிட்டது. எர்ல் மே பெயரில் செடிக்கடைகள் அந்த வட்டாரத்தில் இன்னும் நாற்று விற்கின்றன. 1925-ல் விதைச்சதுல இது ஒண்ணு நல்லாவே முளைச்சிருக்கு.